ஒரு மைக் போதும்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிற வேலை ஒருத்தியால் ஆகிற வேலை இல்லை. ஆளுக்கு இரண்டு முனை பிடிக்க வேண்டும். உதற வேண்டும். எதிரும் எதிருமாக நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். பிறகு பின்னால் போக வேண்டும், மறுபடி வர வேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு. அக்காவும் தங்கையும் அந்த வேலைக்கு வந்து பத்தொன்பது வருஷம். அத்தனை வருஷமும் விரிப்பின் அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் தங்கை.

கூடத்தில் எல்லாருக்கும் அவர்கள் பெரியவள், சின்னவள். இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்ல மேற்பார்வையாளர் ஒரு பேர் வைத்திருந்தார்: ரெட்டைக்குழல் துப்பாக்கி.

"ரெட்டைக்குழலு, இன்னிக்கு ஆபரேஷன் தியேட்டர் மூட்டை முதல்ல போகணும். பாட்டை அப்புறம் பாடுங்க."

"பாட்டு இல்லாம மடிச்சா கோணலாப் போகும் சார். அப்புறம் டாக்டரும் கோணலா வெட்டுவாரு" என்பாள் பெரியவள்.

அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். பாட்டை யாரும் நிறுத்தச் சொன்னதில்லை. உலர்த்தி இயந்திரங்களின் இரைச்சலில் ஒன்று, இரண்டு என்று எண்ணினால் எதிரில் இருப்பவளுக்குக் கேட்காது, பாட்டு கேட்கும். இந்தச் சொல்லுக்கு உதறல், அந்தச் சொல்லுக்கு நடை என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு. பாட்டெல்லாம் அவர்களே கட்டியதுதான். பெரியவள் மெட்டு போடுவாள், சின்னவள் வார்த்தை போடுவாள்.

வெள்ளை விரிப்பே, வெள்ளை விரிப்பே,
நேத்து யாரைச் சுமந்தே?
வலியை எல்லாம் தண்ணியில விட்டு
வாசத்தோட வந்தே.

இப்படி ஏழு பாட்டு இருந்தது. ஏழையும் இரண்டு பேரும் சேர்ந்துதான் பாடுவார்கள். ஒருத்தி தனியாகப் பாடி இன்னொருத்தி கேட்டது கிடையாது. பெரியவளுக்குக் கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் புருஷன் போய்ச் சேர்ந்தார். அவள் பெட்டியோடு தங்கையின் அறைக்கு வந்தாள். சின்னவளைப் பெண் கேட்டு வந்தவர்களுக்கு ஒருத்திதான் வேண்டியிருந்தது. இங்கே இருந்ததோ இரண்டு பேர். கேட்டவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அதைப் பற்றிச் சின்னவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. ஏழாம் வகுப்போடு நின்றவள், நாலு பேர் கூடினால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறவள். பேச வேண்டியதை எல்லாம் அவளுக்காக அக்காதான் பேசினாள்.

அந்த அக்காவின் தொண்டை அந்த வருஷம் கரகரத்தது. காலையில் கரகரக்கும், பதினொரு மணிக்கு மேல் தெளியும். சளி என்று நினைத்தார்கள். எந்த ஆஸ்பத்திரிக்கு விரிப்பு மடித்தார்களோ அதே ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். தொண்டை டாக்டர் நல்ல மனுஷர். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"குரல்வளையை எடுத்துடணும்மா. எடுத்துட்டா உயிருக்குப் பயமில்ல. விட்டா பரவிடும்."

"எடுத்தா பேச்சு?" என்று கேட்டது சின்னவள். டாக்டர்களிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"இருக்காது. காத்தை முழுங்கிப் பேசக் கொஞ்சம் பழகிக்கலாம், கருவி வெச்சுக்கலாம். ஆனா இந்தக் குரல் இருக்காது."

இருபத்தாறு நாள் கழித்துத் தேதி கொடுத்தார். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். பெரியவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இனிமே உன்னோட சண்டை போடணும்னா எழுதித்தான் போடணும். நான் ஒரு வரி எழுதி முடிக்கிறதுக்குள்ள உனக்குக் கோபமே ஆறிடும் போ."

"சும்மா இரு அக்கா."

"சும்மாத்தான் இருக்கப்போறேன். இருபத்தாறு நாள் பொறுத்துக்கோ."

அன்று சின்னவளின் மனசில் ஒன்றே ஒன்று விழுந்தது. அந்த நாட்களுக்குள் அக்காவின் குரலை எடுத்து வைத்துவிட வேண்டும். வேறு எதைப் பற்றியும் அவள் யோசிக்கவில்லை.

முதலில் போனில் பதிந்து பார்த்தாள். போட்டுக் கேட்டால் குரல் விட்டு விட்டு வந்தது, யாரோ கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல. மெல்லிய இடமெல்லாம் காணோம். இஸ்திரி போடுகிறவள் விஷயம் தெரிந்தவள். அவள் மகன் கோவில் சர்ச்சு என்று பாராமல் எங்கும் தபேலா வாசிக்கிறவன். "மெல்லிசாப் பாடினா போன் அதைக் குப்பைச் சத்தம்னு நெனச்சு அமுக்கிடும். கம்ப்யூட்டர் வாங்கு. பாட்டுப் பதியுறதுக்குன்னே பார்த்து வாங்கு" என்று சொல்லி ஒரு கடைக்கு வழியும் சொன்னாள்.

கடை ஒரு தையல் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் இருந்தது. சின்னவள் தனியாகப் போனாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே இருந்த கூட்டம் குறைந்த பிறகுதான் தள்ளினாள். கடைக்காரர் நாற்பது வயசுக்காரர், பின்சுவரில் ஒரு கிடார் மாட்டியிருந்தார். பாட்டுப் பதிய என்றதும் முகம் மலர்ந்தது.

"என்ன மாதிரிப் பாட்டு மேடம்? எத்தனை வாத்தியம்?"

"வாத்தியம் எதுவும் இல்ல. குரல் மட்டும்."

அவர் இரண்டை எடுத்துக் காட்டினார். ஒன்று மேசைக்கு அடியில் வைக்கிற கறுப்புப் பெட்டி. வலுவானது, எத்தனை குரலைத் தனித்தனியாக அடுக்கினாலும் தாங்கும். இன்னொன்று மெல்லிய மடிக்கணினி. வலு குறைவு. இரண்டையும் ஓடவிட்டார். சின்னவள் திரையைப் பார்க்கவில்லை. குனிந்து கறுப்புப் பெட்டியின் பக்கத்தில் காதை வைத்தாள்.

"மேடம், அது போன் இல்ல. அந்தப் பக்கம் யாரும் பேச மாட்டாங்க."

"தெரியுது சார். மூச்சு விடுதான்னு பாக்கறேன்."

மூச்சு விட்டது. நன்றாகவே விட்டது. பத்தொன்பது வருஷம் உலர்த்திகளுக்கு நடுவில் நின்றவள் அவள். எந்த இயந்திரத்தின் விசிறி எப்போது தடுமாறும் என்று காதாலேயே சொல்வாள். அந்தப் பெட்டிக்குள் ஒரு விசிறி உய்ய்... என்று ஓடிக்கொண்டிருந்தது. மடிக்கணினியின் மேல் காதை வைத்தாள். ஒன்றுமே இல்லை. குளத்துத் தண்ணீர் மாதிரி இருந்தது.

"இதுல விசிறியே இல்லையா?"

"இல்ல. சூடானா தானே மெதுவாயிடும். ஒரு குரல் பதிய இது போதும். ரெண்டு மூணு ட்ராக் அடுக்கினா திணறும்." பிறகு கேட்டார்: "ஒரே நேரத்துல எத்தனை பேர் பாடுவீங்க?"

"ரெண்டு பேர். நானும் அக்காவும்."

"அப்ப கொஞ்சம் யோசிங்க. அந்தப் பெரிய பெட்டி, ரெண்டு மைக், ரெண்டு மைக்கும் சொருகற இணைப்பு. ஆளுக்கொரு மைக் வெச்சா ரெண்டு குரலும் தனித்தனியா விழும். வேணும்னா ஒண்ணை மட்டும் கேக்கலாம், ஒண்ணை ஏத்தலாம், இறக்கலாம். விலையும் பெரிய வித்தியாசம் இல்ல."

சின்னவளுக்கு அது பிடிக்கவில்லை. ஒண்ணை மட்டும் எதுக்குக் கேக்கணும்? இவர்கள் பாடுகிறபோது இன்னது அக்கா, இன்னது நான் என்று அவள் பிரித்துப் பார்த்ததே இல்லை. யாரோ வீட்டுக்கு வந்து, உங்கள் அறைக்கு நடுவே ஒரு தட்டி வைத்துக் கொள்ளுங்கள் என்று சொன்னதுபோல இருந்தது.

"எங்களுது ஒரே குரல்தான் சார். பிரிச்சுப் பாட வராது" என்றாள். கூச்சத்தில் குரல் கீழே போனது, ஆனாலும் சொல்லிவிட்டாள். "ஒரு மைக் போதும்."

"உங்க இஷ்டம். எதுக்கும் அக்காவையும் ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு..."

"அக்கா குரல் பூ மாதிரி இருக்கும். அந்தப் பெட்டியோட விசிறி அதை முழுங்கிடும். இதையே குடுங்க."

அக்கா இல்லாமல் அவள் சொந்தமாக எடுத்த பெரிய முடிவு அதுதான். மடிக்கணினியைப் பிள்ளைபோல மார்போடு அணைத்துக்கொண்டு, பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காராமல் வந்தாள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கிடைத்தன. கழித்துப் போட்ட ஆஸ்பத்திரிக் கம்பளிகளை மேற்பார்வையாளர் கொடுத்தார்; அவற்றை அறையின் நாலு சுவரிலும் ஆணி அடித்துத் தொங்கவிட்டாள். கடிகாரத்தைக் குளியலறையில் கொண்டுபோய் வைத்தாள். குளிர்பெட்டியை அணைத்தாள். மேல்வீட்டு நாயைப் பதினொன்றிலிருந்து ஒரு மணிவரை நடக்கக் கூட்டிப்போகச் சொல்லி, அந்த வீட்டம்மாவிடம் போய்க் கேட்டாள். எட்டு வருஷமாக மேல்வீட்டோடு அவள் பேசியதே இல்லை.

"அம்மாடி, என் தங்கச்சிக்கு வாய் இருக்கு!" என்றாள் பெரியவள். "என் வாயை மூடப் போறாங்கன்னதும் இவளுது திறந்துடுச்சு."

மைக்குக்கு எதிரில் ஒரு முக்காலி. சின்னவள் அக்காவைத் தோள்பிடித்து உட்கார வைத்தாள். பெரியவள் எழுந்துவிட்டாள்.

"நீ உக்காருடி. நான் பின்னாடி நிக்கறேன். திடீர்னு இருமல் வந்தா மைக் மேலேயே விழும்."

"அக்கா, உன் குரலுக்குத்தானே இது..."

"நம்ம குரலுக்கு. ஆரம்பி, நாய் வந்துடப்போகுது."

சின்னவள் உட்கார்ந்தாள். அக்கா பின்னால் நின்று இரண்டு கையையும் தங்கையின் தோளில் போட்டுக்கொண்டாள். ஏழு பாட்டையும் பாடினார்கள். தப்பு வந்த பாட்டை அடுத்த வாரம் திரும்பப் பாடினார்கள். விரிப்பு கையில் இல்லாததால் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. உதற வேண்டிய சொல் வரும்போதெல்லாம் பெரியவளின் விரல்கள் தங்கையின் தோளை அமுக்கின.

மூன்றாம் ஞாயிறு எல்லாவற்றையும் போட்டுக் கேட்டார்கள். கட்டிலில் ஒட்டி உட்கார்ந்து, மடிக்கணினியை முழங்கால்களின் மேல் வைத்துக்கொண்டு. பாட்டு தொடங்கியதும் பெரியவள் தன்னை அறியாமல் கூடவே மெல்ல முனகினாள். ஏழு பாட்டுக்கும் முனகினாள். அறை நிறைந்து கேட்டது. சின்னவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"அப்படியே இருக்குக்கா."

"அப்படியே இருக்கு" என்றாள் பெரியவள். "சுவத்துல இருக்கற கம்பளியை எல்லாம் கழட்டு. அறை வார்டு மாதிரி இருக்கு."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் சொன்னது சொன்னபடி நடந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. கழுத்தின் நடுவில் ஒரு துளை, அதன் வழியே மூச்சு. மூன்றாம் நாள் பார்க்கப் போனபோது பெரியவள் பேசுவதுபோல உதட்டை அசைத்தாள். எதுவும் வரவில்லை என்றதும் அவளே ஆச்சரியப்பட்டாள், சொன்னது மறந்துபோனவள் மாதிரி. பிறகு தான் படுத்திருந்த விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். மடிப்பு கோணலாக இருந்தது.

கோணல்தான். விரிப்பின் அந்தப் பக்கம் இப்போது வேறொருத்தி நின்றாள். நல்ல பெண்தான், ஆனால் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறவள். அவள் வருவதற்குள் சின்னவள் வந்துவிடுவாள்; இவள் நின்றால் அவள் இடிப்பாள். நாள் முழுக்க இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மடித்தார்கள்.

அன்று வேலை விட்டு வந்ததும் சின்னவள் கதவைச் சாத்திக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தாள். கையைக்கூட அலம்பவில்லை. அக்காவின் குரலைக் கேட்க வேண்டும்; அவ்வளவுதான். வெள்ளை விரிப்பே, வெள்ளை விரிப்பே.

பதிவில் சின்னவள் பாடினாள். ஓங்கி, தெளிவாக, வார்த்தை வார்த்தையாக. அவள் மட்டும் பாடினாள்.

சத்தத்தைக் கூட்டினாள். தன் குரல்தான் இன்னும் பெரிதாக வந்தது. காதில் மாட்டுகிற கருவியை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, அடுத்த பாட்டு, அதற்கடுத்த பாட்டு. தன் குரலுக்கு அடியில் ஏதோ இருந்தது. தலையணைக்குள் பஞ்சு இருப்பதுபோல் இருந்தது. இருக்கிறது என்று தெரிந்தது. இன்னது என்று கையில் பிடிபடவில்லை. மூன்றாம் ஞாயிறு கட்டிலில் உட்கார்ந்து இரண்டு பேரும் கேட்டபோது அறையை நிறைத்தது பதிவு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து முனகிய அக்கா.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. கடைக்குப் போனாள். இந்தத் தடவை கதவுக்கு வெளியே நிற்கவில்லை.

கடைக்காரர் முதல் பாட்டை முழுசாகக் கேட்டார். நடுவில் நிறுத்தவில்லை.

"நல்லாப் பாடறீங்க மேடம்."

"என்னை எடுத்துடுங்க."

"புரியல."

"என் குரலை எடுத்துட்டு அக்கா குரலை மட்டும் குடுங்க. எங்க அக்காவுக்கு இனிமே குரல் இல்ல சார். தொண்டையை எடுத்துட்டாங்க. இதுக்குள்ளதான் இருக்கா."

அவர் காதுக்கருவியை மாட்டிக்கொண்டார். பிறகு தன் பெரிய கறுப்புப் பெட்டியில் போட்டு ஏதேதோ செய்து பார்த்தார். அரைமணி நேரம் செய்தார். வாடிக்கையாளர் இரண்டு பேர் வந்து காத்திருந்து போனார்கள். கடைசியில் காதுக்கருவியைக் கழற்றி வைத்தார்.

"வாத்தியத்துலேருந்து குரலைப் பிரிக்கலாம். ஆம்பளை குரலையும் பொம்பளை குரலையும்கூட ஓரளவுக்கு முயற்சி பண்ணலாம். இது ரெண்டும் ஒரே மாதிரிக் குரல், ஒரே வார்த்தை, ஒரே மைக். பாலும் தண்ணியும் கலந்தாச்சு. அவங்க பின்னாடி நின்னாங்களா?"

"ஆமா."

"மெதுவாப் பாடினாங்க. உங்களுக்கு வழி விட்டுப் பாடியிருக்காங்க." சொன்ன பிறகு, சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "நான் அன்னிக்கே இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கணும்" என்றார்.

"நீங்க சொன்னீங்க சார். நான்தான்."

வீட்டுக்கு நடந்தே வந்தாள். வழியெல்லாம் ஒன்றை யோசித்துப் பார்த்தாள். அக்கா எப்படிப் பாடுவாள் என்று தனக்கே பாடிக்காட்டத் தெரியுமா? தெரியவில்லை. அதைத் தனியாக ஒரு தடவை கேட்டிருந்தால்தானே தெரியும். பாடும்போது தன் காலுக்கடியில் தரை இருப்பதுபோல அது இருந்தது. தரையை யார் குனிந்து பார்க்கிறார்கள்? விசிறி முழுங்கிவிடும் என்று பயந்து பயந்து ஒரு கணினியைப் பொறுக்கி எடுத்து, குளிர்பெட்டியை அணைத்து, கடிகாரத்தை வெளியே வைத்து, நாயை வெளியே அனுப்பி, எல்லாச் சத்தத்தையும் துரத்திவிட்டு, தான் போய் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

பெரியவள் வீட்டுக்கு வர இன்னும் ஒன்பது நாள் இருந்தது. சின்னவள் வேலை விட்டு வந்ததும் காதுக்கருவியை மாட்டிக்கொள்வாள். நான்காம் நாள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். வரியின் கடைசியில் அவளுக்கு மூச்சு முடிந்துவிடுகிறது. சுமந்தே என்று நீட்டி அவள் நிறுத்துகிறாள். அவள் நிறுத்திய பிறகும் அந்த ஏ நிற்கவில்லை. அரை நொடி, சில இடத்தில் ஒரு நொடி, இன்னொரு மூச்சு அதைத் தூக்கிக்கொண்டு போய், மெதுவாகக் கீழே வைக்கிறது.

அது அக்கா.

ஏழு பாட்டிலும் தேடினாள். கூடத்தில் கிழிந்த விரிப்பு வந்தால் நல்ல பாகத்தை வெட்டித் தலையணை உறை தைப்பார்கள், அப்படித்தான் வெட்டினாள். திரையில் அலையாக ஓடுகிற கோட்டில் தன் குரல் விழுகிற இடம் பார்த்து, அதற்குப் பின்னால் இருக்கிற வாலை மட்டும் எடுத்தாள். கை தவறி இரண்டு மூன்று போயிற்று. முப்பத்தோரு துண்டு தேறியது. வரிசையாக ஒட்டினாள். மொத்தம் இருபத்திரண்டு நொடி. ஏ... ஆ... ம்... ஏ... அதில் பாட்டு இல்லை, ஒரு வார்த்தைகூட முழுசாக இல்லை. வார்த்தைகள் எல்லாம் சின்னவளுடையதாக இருந்தன.

பெரியவள் வீட்டுக்கு வந்த அன்று சின்னவள் எதுவும் சொல்லவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தாள், தலையணை மாற்றினாள். பெரியவள் நோட்டில் எழுதினாள்: பாட்டு போடு.

சின்னவள் ஏழு பாட்டைப் போடவில்லை. அக்காவின் காதில் கருவியை மாட்டி அந்த இருபத்திரண்டு நொடியைப் போட்டாள். பெரியவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். முடிந்ததும் விரலால் ஒரு சுற்று காட்டினாள்: இன்னொரு தடவை. இரண்டாம் தடவை கேட்டு முடித்து நோட்டை இழுத்தாள்.

யாருடி இது? நல்லா இழுக்கறா.

சின்னவள் நோட்டைப் பார்த்தாள். பிறகு அக்காவைக் கை காட்டினாள்.

பெரியவள் சிரித்தாள், சத்தமில்லாமல், கழுத்துத் துளையில் காற்று மட்டும் வர. தலையை ஆட்டி மறுத்தாள். போடி என்று உதடு சொன்னது. தங்கையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மூன்றாம் தடவை தானே விசையை அமுக்கினாள். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவளும் அந்தக் குரலைத் தனியாகக் கேட்டவள் இல்லை. பெற்ற பிள்ளையை ஐம்பது வயசில் முதல்முதலாகப் பார்க்கிறவள்போல் முகம் ஒரு மாதிரி ஆகிக்கொண்டே வந்தது.

கண்ணைத் திறந்து எழுதினாள்.

நீ ஏன் கூடப் பாடலை?

பெரியவள் பென்சிலால் அந்த வரிக்கு அடியில் ஒரு கோடு போட்டு, மைக்கைக் காட்டி, பாடு என்று கையை அசைத்தாள். மறுபடி பதியலாம், நீ பாடு, இது மொட்டையாக இருக்கிறது என்று அவள் கை சொன்னது.

"இல்லக்கா" என்றாள் சின்னவள். "இதுல நான் வாயைத் திறக்க மாட்டேன்."

ஏன் என்று பெரியவளின் கை கேட்டது. மறுபடி மறுபடி கேட்டது. சின்னவள் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இன்னொரு கையால் விசையை அமுக்கினாள்.